பனி மனிதன் கோத்து வைத்திருந்த காளான்

1991, செப்டம்பர் 19. ஆஸ்திரியாவும் இத்தாலியும் முட்டிக்கொள்ளும் ஆல்ப்ஸ் மலை. மூவாயிரம் மீட்டருக்கும் மேலே நடந்து வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, உருகும் பனிக்குள்ளிருந்து மனித உடல் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். 'பாவம், மலையேற வந்த யாரோ!' என்றுதான் முதலில் நினைத்தார்கள். போலீஸ்கூட வந்தது. ஆராய்ந்ததில், ஆசாமி செத்து சுமார் 5,300 வருஷங்கள் ஆகியிருந்தன. எகிப்தில் பிரமிடுகள் எழும்புவதற்கும் முன்னால்!

'ஓட்ஸி' என்று பெயர் வைத்தார்கள். அவருடைய செம்புக் கோடரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று - தோல் வாரில் கோத்திருந்த இரண்டு காளான் துண்டுகள்.

நெருப்பு மூட்டுவதற்கென்று வேறு ரகக் காளானைத் தனியாகப் பையில் வைத்திருந்தார். அப்படியானால் இது எதற்கு? பிர்ச் மரத்தில் முளைக்கும் இந்தக் காளான் கசக்கும். முற்றினால் தக்கை மாதிரி. ருசிக்காக யாரும் சுமந்துகொண்டு மலையேற மாட்டார்கள். ஆனால், ஐரோப்பியக் கிராமத்து வைத்தியத்தில் ரத்தம் நிற்கக் காயத்தில் வைத்துக் கட்டுவதும், வயிற்றுக்குக் கஷாயம் போடுவதும் இதைத்தான்.

ஓட்ஸியின் குடலில் சாட்டைப்புழுவின் முட்டைகள் இருந்தன. 1998-ல் கபாஸோ என்ற இத்தாலிய விஞ்ஞானி இரண்டையும் முடிச்சுப் போட்டார் - காளான், பூச்சி மருந்து! எனக்கும் அந்த முடிச்சு பிடித்திருக்கிறது. ஆனால், அவர் அதைத் தின்றார் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. வெறும் தாயத்தாகக்கூட இருந்திருக்கலாம்.

இன்று 'காளான் மாத்திரை' டப்பாவைக் கையிலெடுக்கும்போதும் இதே சந்தேகம் இருக்கட்டும். பிர்ச் காளானில் சில பாக்டீரியாக்களை அடக்கும் பொருட்கள் இருப்பது பரிசோதனைக் குழாயில் தெரிந்திருக்கிறது. குழாய் வேறு, நம் வயிறு வேறு! வேறொரு காளானின் சத்தை 1977-ல் ஜப்பானில் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதித்தார்கள். அதுவும் மற்ற சிகிச்சைகளுக்குத் துணையாகத்தான். (தோட்டத்தில் முளைத்ததைப் பறித்துச் சோதித்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!)

சரி, ஓட்ஸி புழுவாலா செத்தார்? பத்து வருஷம் அப்படி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. 2001-ல் எக்ஸ்ரேயில் தெரிந்தது - இடது தோளுக்குள் ஓர் அம்பு முனை. பின்னாலிருந்து யாரோ விட்டது. பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. ரத்தத்தை நிறுத்தும் காளான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காயம் முதுகில்!