கடைசி இரண்டு நிமிடங்கள்: கூடைப்பந்தில் முன்னிலையைக் காப்பது குறித்துப் பள்ளிமுனையிலிருந்து ஒரு பார்வை

வெளியூரார் பள்ளிமுனையைப் பெருக்கமரத்தால் அறிவர். மன்னார் மாவட்டத்தார் உதைபந்தால் அறிவர். ஒரு கோல் முன்னிலையோடு ஐந்து நிமிடம் மிஞ்சியிருந்தால் என்ன செய்வது என்று இந்தக் கரையோரச் சிறுவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பந்தை மூலைக் கொடியடிக்குக் கொண்டுபோய் உடம்பால் மறித்து நிற்பார்கள். எதிரி நெருங்கினால் கோட்டுக்கு வெளியே அடிப்பார்கள். பந்து வெளியே கிடந்தாலும் மணிக்கூடு ஓடும்.

கூடைப்பந்தில் ஓடாது. விசில் ஊதினால் மணிக்கூடு நிற்கும். சர்வதேச விதிப்படி, நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் கூடை விழுந்தாலும் நிற்கும். ஆகவே உதைபந்தில் பழகிய காப்புமுறை இங்கே உதவாது என்பதும், கூடைப்பந்தில் முன்னிலை காக்கப்படுவது பந்தைக் கையில் வைத்திருப்பதாலும் புள்ளி சேர்ப்பதாலும்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பந்தைப் பதுக்கி நேரம் கடத்தும் வழி கூடைப்பந்திலும் ஒரு காலத்தில் இருந்தது. 1982இல் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் வேர்ஜீனியாவும் மோதிய அமெரிக்கக் கல்லூரித் தொடர் ஒன்றின் இறுதியாட்டத்தில், ஒரு புள்ளி முன்னிலையில் இருந்த வட கரோலினா கூடையை நோக்கி எறியாமலேயே ஏறக்குறைய ஏழு நிமிடம் பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வோர்தியும் மைக்கேல் ஜோர்டானும் ஆடிய அணி அது. 47–45 என வென்றது. பார்வையாளர்கள் சலித்தார்கள், 1985–86 பருவத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் கூடையை நோக்கி எறிய 45 செக்கன் வரம்பு வந்தது. இன்று அது 30. சர்வதேச ஆட்டத்தில் 24.

பதுக்கும் வழி அடைபட்ட பின் என்ன நடக்கும் என்பதற்கு 2008 ஏப்ரல் 7இல் சான் அன்டோனியோவில் நடந்த கல்லூரி இறுதியாட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இரண்டு நிமிடம் 12 செக்கன் மிஞ்சியிருக்க, மெம்பிஸ் 60–51 என முன்னே நின்றது. கன்சாஸ் செய்தது எளிது: பந்தைப் பறிக்க முயன்றது, முடியாதபோது பவுல் செய்து மணிக்கூட்டை நிறுத்தி, மெம்பிஸை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பியது. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் மெம்பிஸுக்குக் கிடைத்த ஐந்து ஃப்ரீ த்ரோக்களில் நான்கு தவறின. அப்படியும் மூன்று புள்ளி முன்னிலை மிஞ்சியது. கன்சாஸின் ஷெரொன் கொலின்ஸ் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, தடுமாறி, மரியோ சால்மர்ஸின் கையில் சேர்த்தார். 2.1 செக்கன் இருக்க, மூன்று புள்ளி எறிதல் உள்ளே விழுந்தது. மேலதிக நேரத்தில் கன்சாஸ் 75–68 என வென்றது.

அதைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் அதே ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். முன்னிலையில் மூன்றைக் கழிக்க வேண்டும். பந்து நம்மிடம் என்றால் அரையைக் கூட்டி, எதிரியிடம் என்றால் அரையைக் கழித்து, வருவதை வர்க்கமாக்க வேண்டும். மிஞ்சிய செக்கன்களைவிட அது பெரிதானால் முன்னிலை பத்திரம். ஒன்பது புள்ளி முன்னிலை, பந்து எதிரியிடம் என்றால் 5.5இன் வர்க்கம் 30.25. மெம்பிஸுக்கு மிஞ்சியிருந்ததோ 132 செக்கன். அரங்கம் வெற்றியென்று எண்ணிய முன்னிலை, கணக்கின்படி அரை நிமிடத்துக்கு மட்டுமே போதுமானது.

மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி வேண்டுமென்றே பவுல் செய்யலாமா என்பது பயிற்றுநர்களிடையே நெடுநாள் சர்ச்சை. செய்தால் எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டுமே; சமன் செய்ய இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, திரும்பும் பந்தைப் பிடித்தாக வேண்டும். ஐந்தாறு செக்கனே இருக்கும்போது செய்வது சரி என்றே தோன்றுகிறது. ஆனால் நினைத்தால் மட்டும் போதாது. மெம்பிஸும் அன்று பவுல் செய்யத்தான் எண்ணியது, விசில் வரவில்லை. எறிபவர் கையை உயர்த்தியபின் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பந்தை விட்டு ஆளைப் பிடித்தால் விளையாட்டுப் பண்பற்ற பவுல். ஒத்திகை பார்க்காத அணி இதைத் தொடாமலிருப்பதே மேல்.

நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்து இங்கே நல்ல துணை. யார் கோல் போட்டாலும் நடுவட்டப் பந்து அணிகளுக்கு மாறி மாறியே கிடைக்கும். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே முன்னே நிற்கும் அணிக்குத் தன் முறையைக் கோலாக்குவதைவிட வேறு காப்பு இல்லை.

மன்னார்ப் பாடசாலைகளில் கூடைப்பந்து பழக்கும் ஆசிரியர் தொடங்கவேண்டிய இடம் ஃப்ரீ த்ரோ. பயிற்சியின் தொடக்கத்தில், கால் களைக்காதபோது, எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஓடி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில், ஆளுக்கு இரண்டு எறிதல், சுற்றி நிற்பவர்கள் கத்த, யார் போடுகிறார் என்று குறித்துவைக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.