கள்ளக்குறிச்சியில் குழம்பிய இரு மருந்துப் பெயர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிகிச்சைக்குரிய மருந்து மருத்துவமனையில் இல்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி குற்றஞ்சாட்டினார். அப்போது வெளிவந்த பெயர் ஒமிப்ரசோல். அது வயிற்றுப்புண்ணுக்கானது, போதிய இருப்பு உள்ளது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் பதிலளித்தார். தாம் குறிப்பிட்டது ஃபோமெபிசோல் என்று பழனிசாமி விளக்கினார்.

ஒலியைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. நெஞ்செரிச்சலுக்குப் பலரும் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஒமிப்ரசோல், இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். மெத்தனாலில் சிக்கல் வேறு. கல்லீரலிலுள்ள நொதிகள் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. பார்வை நரம்பைக் கெடுப்பது இந்த அமிலம். (இரண்டு இடத்திலும் ‘அமிலம்’ வருவது குழப்பத்தைக் கூட்டும்.) இம்மாற்றத்தின் முதற்படியை ஃபோமெபிசோல் தடுக்கிறது. அது கிடைக்காத இடங்களில் எத்தனாலையே அளவறிந்து கொடுப்பார்கள். இரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள்.

பெயர்ப் பிழையைச் சுட்டியது சரியே. ஆனால் ஒமிப்ரசோல் கோடிக்கணக்கில் இருந்தாலும், மெத்தனாலுக்கான நச்சுமுறி இருந்ததா என்ற கேள்விக்கு அது விடையாகாது. அந்த நச்சுமுறி குடித்த எத்தனை மணி நேரத்தில் கொடுக்கப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. ஏற்கெனவே உருவாகிவிட்ட ஃபார்மிக் அமிலத்தை ஃபோமெபிசோலால் அகற்ற முடியாது.