துரித உணவு நிறுவனங்களும் பண்ணைக் கோழி நலனும்: கொல்கத்தா

முட்டையும் இறைச்சியும் மொத்தமாக வாங்கும் தொடர் உணவகங்கள், கோழிகளுக்குரிய இடவசதி, வளர்ப்பு முறை, கொல்லும் முறை ஆகியவற்றைத் தங்கள் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று நுகர்வோரும் விலங்கு நல அமைப்புகளும் உலகெங்கும் வலியுறுத்தி வருகின்றனர். எக் ரோலும் மோமோவும் அன்றாட உணவாகிவிட்ட கொல்கத்தாவுக்கு இக்கோரிக்கை நேரடியாகப் பொருந்தும். சட்டம் எட்டாத கொட்டகைக்குள்ளும் வாங்குபவரின் நிபந்தனை நுழைய முடியும் என்பதே இதன் அடிப்படை.

வரலாற்றுப் பின்னணி

விலங்கு வதைக்கு எதிரான அமைப்பு ஆசியாவில் முதலில் உருவானது இந்நகரத்தில்தான். கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861-இல் கல்கத்தா விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். 1869-இல் வங்காளத்துக்கென விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அன்றைய கவலைக்கு முதற்காரணம், தாங்க முடியாத பாரத்தை இழுத்துத் தெருவில் துவண்ட வண்டி மாடு. அந்தக் கொடுமை எல்லோர் கண்முன்னும் நடந்ததால் தட்டிக் கேட்க ஆள் இருந்தது. இன்றைய முட்டைக்கோழிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேற்கு வங்காளம் நெடுங்காலமாக ஆந்திரத்திலிருந்து லாரிகளில் வரும் முட்டையை நம்பியிருக்கிறது. உண்பவர் ஓரிடத்திலும் கோழி பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்க, நடுவில் நின்று இரண்டையும் இணைப்பவர் வாங்கி விற்கும் நிறுவனத்தார் மட்டுமே.

சட்டமும் அதன் எல்லையும்

ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்து உருவான 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அசைந்து நடமாடப் போதிய இடமில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைப்பது குற்றம் என்று 11-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அடுக்குக் கம்பிக் கூண்டுகள் இப்பிரிவை மீறுவதாக இந்திய விலங்குகள் நல வாரியம் 2012-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் அளித்த 269-ஆவது அறிக்கை கோழி வளர்ப்புக்குத் தனி விதிகளைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒன்றிய அரசின் 2019 வரைவு விதிகள் ஒரு கோழிக்குக் குறித்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளின் பரப்பே ஏறத்தாழ 624. சிறகை விரிப்பதும், மண்ணைக் கிளறுவதும், மறைவிடம் தேடி முட்டையிடுவதும் கோழியின் இயல்பு. இவற்றில் ஒன்றுக்கும் அந்த அளவில் இடமில்லை. கறிக்கோழியின் துன்பம் வேறு வகை. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும்படி உருவாக்கப்பட்ட இனங்களில், உடல் எடையைக் கால்கள் தாங்காமல் போவது அறியப்பட்ட நோய்நிலை.

நிறுவனங்களின் பொறுப்பு

வாங்குபவர் நினைத்தால் பண்ணை மாறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பத்தாண்டுக்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறுவதாக 2015-இல் அறிவித்து, கெடுவுக்கு முன்பே முடித்தது. கேஎஃப்சியின் தாய் நிறுவனமான யம், 2030-க்குள் உலகக் கிளைகள் அனைத்திலும் கூண்டில்லா முட்டை என்று 2021-இல் உறுதியளித்தது. கொல்கத்தாக் கிளைகளும் அந்த உறுதிக்குள் அடங்கும். 2008-இல் இந்நகரிலேயே பிறந்து நாடெங்கும் பரவிய வாவ்! மோமோ போன்ற உள்ளூர் நிறுவனங்களும் எழுத்தில் நிபந்தனை வைத்து வாங்கும் வலிமை உடையவை. தெருவோர ரோல் கடைக்காரரிடம் அந்த வலிமை இல்லை. ஆகவே கோரிக்கை முதலில் பெரிய நிறுவனங்களை நோக்கிச் செல்வதே நியாயம்.

மறுப்புகள்

முட்டை விலை ஏறினால் ஏழை வீட்டின் மலிவான புரதம் பறிபோகும் என்பது முதன்மையான மறுப்பு. இக்கவலை மதிக்கத்தக்கது. ஆனால் இங்கே கேட்கப்படுவது சந்தை முட்டைக்கோ பள்ளிச் சத்துணவு முட்டைக்கோ உடனடித் தடை அல்ல. பர்கரிலோ மயோனைசிலோ சேரும் முட்டையின் செலவு, விற்பனை விலையில் சிறு பங்குதான். வாடகையும் விளம்பரமும் சேர்ந்த அந்த விலைக்குள் கூடுதல் செலவை ஏற்க இடமுண்டு. கூண்டை எடுத்துவிட்டால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும், நோய் பரவும் என்பது இரண்டாவது மறுப்பு. பராமரிப்பு மோசமான கொட்டகையில் அது உண்மையே. அதனால்தான் ‘கூண்டில்லை’ என்ற ஒற்றைச் சொல் போதாது. இட அளவு, உலர்ந்த கூளம், காற்றோட்டம், முட்டையிடும் பெட்டி, பயிற்சி பெற்ற பணியாளர் என எல்லாமே நிபந்தனையில் இடம்பெற வேண்டும். நிறுவனங்களின் வாக்குறுதி வெறும் விளம்பரம் என்பது மூன்றாவது. பிரிட்டனில் கேஎஃப்சி 2019-இல் ஏற்ற கறிக்கோழி உறுதிமொழியில், மெதுவாக வளரும் இனங்களுக்கு 2026-க்குள் மாறும் இலக்கை எட்ட முடியாது என்று 2024-இல் அறிவித்தது. இதிலிருந்து பெறவேண்டிய பாடம் கோரிக்கையைக் கைவிடுவதல்ல. எத்தனை விழுக்காடு மாறியது என்பதை ஆண்டுதோறும், இந்தியாவுக்கெனத் தனியாக வெளியிட வைப்பதும், வெளியார் தணிக்கையைக் கட்டாயமாக்குவதுமே.

இன்றைய நிலை

வெளிமாநில முட்டையைச் சார்ந்திருப்பதைக் குறைக்க மேற்கு வங்காள அரசு முட்டைப் பண்ணைகளுக்கு ஊக்கமளித்து வருகிறது. புதிய பண்ணைக்குக் கூண்டு வாங்க முதலீடு செய்தவர், அந்தக் கடன் தீரும்வரை அதை மாற்ற மாட்டார். கொட்டகை எழும் முன்பே, கூண்டில்லா முட்டையைப் பல ஆண்டுகளுக்கு நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாகத் தொடர் உணவகங்கள் ஒப்பந்தம் செய்தால், பண்ணையாளருக்கும் இழப்பில்லை, கோழிக்கும் கதிமோட்சம் உண்டு. அந்த ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறும் உரிமை, அவர்களின் கல்லாவில் பணம் செலுத்தும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இருக்கிறது.