ஒரு வாசர் இடைவெளி

பெரியப்பா 1960-களில் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. அதன் இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்தவேண்டும். மேலே தகடும் தகடும் உரசும், கீழே சுண்டுவிரல் நுழையும். அவர் போனபின் வண்டி என்னிடம் வந்தது. நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கீலைத் தளர்த்தி ஏற்றினேன், இறக்கினேன். மேலே சரியானால் பூட்டு உட்காராது.

கடைசியில் டிங்கர் வேலை செய்யும் பாயிடம் கொண்டுபோனேன். கதவை அவர் தொடக்கூட இல்லை. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தார்.

"தம்பி, கதவ விட்ருங்க. நோவு அதுல இல்ல, கீழ இருக்கு."

கார் பாடி என்றால் ஒரே கூடு என்றுதான் நினைக்கிறோம். ஹெரால்டு அப்படியில்லை. அடியில் தனிச் சேஸி. அதன்மேல் முன்பாதி ஒரு துண்டு, பின்பாதி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. எல்லாமே போல்ட்டில் நிற்கிறது. பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கதவு முன்பாதியில் தொங்கி, பின்பாதியில் பூட்டுகிறது. நடுவில் சேஸி தாங்கல்கள் துருவேறித் தொய்ந்தால், இரண்டு பாதிகளும் தலைசாய்த்துக்கொள்ளும். கதவு அதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

1959-இல் வந்த ஒரு வண்டியை ஏன் இப்படித் துண்டுதுண்டாகச் செய்தார்கள்? சேஸியும் பாடியும் ஒன்றான கூட்டு அமைப்புக்கு அப்போது பலரும் மாறிக்கொண்டிருந்தார்கள். கவன்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1953-இல் வந்த 'எய்ட்' காரை அப்படித்தான் செய்தது. ஆனால் அதே 1953-இல், அதற்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு பாடி கிடைக்காது என்றானது. முழுக்கூட்டை அடிக்கும் பெரிய பிரஸ் ஸ்டாண்டர்டிடம் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய சேஸி முறைக்கே திரும்பினார்கள். பல இடங்களில் துண்டுகளை அடித்துவாங்கிப் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். டூரினின் ஜொவான்னி மிகெலொட்டி அதற்கு அழகான உருவம் தந்தார். அழகு வந்தது, துண்டுகளுக்கு நடுவே இடைவெளிகளும் கூடவே வந்தன.

நம் ஊரிலும் 1953 முக்கியமான ஆண்டுதான். உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. 1948-இல் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தங்கியது. 1961-இல் அது ஹெரால்டைக் கொண்டுவந்தபோது, அங்கே வேறுவழியில்லாமல் பிறந்த அமைப்பு இங்கே வசதியாகிப்போனது. பிரித்து அனுப்பலாம், போல்ட் போட்டுப் பூட்டலாம். பிரிட்டனில் 1963-ஓடு ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவது நின்றது. சென்னையில் அந்தப் பெயர் எண்பதுகள்வரை ஓடியது.

பாய் சொன்ன கெட்ட செய்தி வேறு. முன்பு யாரோ ஒரு பட்டறைக்காரர், ஆட்டம் போகட்டும் என்று தரையில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தை வெல்டு வைத்து, மேலே பட்டி பூசியிருந்தார். கழற்றுவதற்கென்றே இருந்த மூட்டு இறுகிப்போயிருந்தது. "அறுக்கணும். அறுத்தா உள்ள என்ன இருக்கும்னு சொல்ல முடியாது."

பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். "அப்பா வச்சிருந்தபடியே இருக்கட்டுமேடா" என்றார் அண்ணன். ஒரு வாரம் யோசித்தேன். அப்பா வைத்திருந்தது எது, வண்டியா, அந்த வெல்டா? அப்படியே விட்டால் துரு உள்ளே தின்றுகொண்டே இருக்கும். அறுக்கச் சொன்னேன்.

பட்டிக்குக் கீழே கைநுழையும் ஓட்டை. அதைச் சீர்செய்யவே ஒரு மாதம் ஆனது. பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தார் பாய். போல்ட்டுகளைப் பாதி முறுக்கில் விட்டு, கதவை மாட்டி, தாங்கலில் ஒவ்வொரு வாசராகச் செருகினார். கதவு அமைந்தபிறகு முறுக்கினார். பானட் கடைசியில், கதவை ஒட்டி.

பிரித்தபோது பழைய தகட்டு வாசர்கள் கிடைத்தன. இடப்பக்கத் தாங்கலில் மூன்று, வலப்பக்கம் ஒன்று. பாய் சிரித்தார். "ஃபேக்டரிலயும் என்ன மாதிரி ஒருத்தன் குந்திக்கினு பார்த்திருக்கான்."

அதுவரை இந்த வண்டி கம்பெனியிலிருந்து கச்சிதமாக வந்து, பிறகு கெட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். வரும்போதே ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிக்கட்டியதுதான் அது. கவன்ட்ரியில் கைமாறிய ஒரு கம்பெனியின் கணக்கை வண்டலூரில் பேர் தெரியாத ஒரு தொழிலாளி மூன்று வாசரில் தீர்த்திருக்கிறார்.

இப்போது கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்துகிறது. போனவாரம் அண்ணன் வந்தார். ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் தூக்கியே சாத்தினார். டமாரென்று மோதியது. "ஏண்டா, இது நம்ம வண்டிதானே?" என்றார்.