கண்ணழுத்த நோயும் குடும்ப நினைவும்



திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதையில் கழக்கூட்டம் என்றோர் ஊர் உண்டு. 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் எழும்பிய தும்பாக் கடற்கரை இவ்வூருக்கு அண்மையில் உள்ளது. 1990-இல் இங்கே டெக்னோபார்க் என்னும் கணிப்பொறித் தொழிற்பூங்கா தோன்றியது. நாகர்கோவிலிலிருந்தும், திருநெல்வேலியிலிருந்தும், இன்னும் தொலைவான ஊர்களிலிருந்தும் தமிழர் பலர் இன்று இவ்வட்டாரத்தில் பணி செய்து வாழ்கின்றனர்.

நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த காலம் நெடியது. 1956 நவம்பர் முதல் நாளன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அன்றுமுதல் திருவனந்தபுரம் நமக்கு வெளிமாநிலமாயிற்று. ஆனால் மாநில எல்லையைக் கடந்து செல்பவன் தன் உடலில் ஊறிய குலமரபை எல்லையில் இறக்கி வைத்துவிட்டுச் செல்வதில்லை. இதனைத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு. ஆங்கில மருத்துவர் அதனைக் கிளாக்கோமா என்பர். நாம் கண்ணழுத்த நோய் என்கிறோம்.

கழக்கூட்டத்தில் பணி செய்யும் தமிழர் ஒருவரை மனத்தில் கொள்ளுங்கள். அவருக்கு வயது நாற்பது. "உங்கள் குடும்பத்தில் கண் நோய் உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்பார். "பாட்டனாருக்குப் பார்வை எப்படி?" என்று மேலும் கேட்டால், "கடைசிப் பத்தாண்டு அவருக்குக் கண் தெரியாது, வயதாகிவிட்டதல்லவா?" என்பார். அந்த விடையில் ஒரு நோயின் வரலாறு மறைந்திருக்கக்கூடும். அவ்வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். நம் கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரக்கிறது. சுரந்த அளவே நுண்ணிய வடிகால்கள் வழியாக வெளியேறுகிறது. வடிகால் செவ்வனே இயங்காவிடில் நீர் தேங்கிக் கண்ணினுள் அழுத்தம் மிகுகிறது. கண்ணின் பின்புறத்தில் மூளைக்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பு அந்த அழுத்தத்தால் நைந்து, இழை இழையாக அழிகிறது. வடிகாலுக்குச் செல்லும் மூலை திறந்திருந்தும் நீர் மெல்ல வடிவது ஒருவகை. அம்மூலையே குறுகி அடைபடுவது மற்றொரு வகை. முன்னதைத் திறந்த கோண நோய் என்றும், பின்னதை மூடிய கோண நோய் என்றும் மருத்துவர் பிரித்துரைப்பர்.

திறந்த கோண நோயில் வலியில்லை, கண் சிவப்பதுமில்லை. பார்வையின் ஓரங்கள் முதலில் மங்குகின்றன. நேர்ப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருப்பதால் செய்தித்தாள் படிப்பவர் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பார். அருகில் வருபவர்மீது இடித்துக்கொள்ளும்போதுகூடத் தம் கவனக்குறைவையே நொந்துகொள்வார். கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை மீட்டுத் தரும். அழிந்த பார்வை நரம்பை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை. மீளாக் குருட்டுக்கு உலகில் முதற்காரணமாக நிற்பது இந்நோயே.

கிளாக்கோமா என்னும் பெயர் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அக்காலத்தார் கண்ணின் நிறம் சாம்பல் கலந்த நீலமாகத் தோன்றுவதை மட்டுமே கண்டனர். கண்புரையையும் இதனையும் அவர்களால் தெளிவாகப் பிரித்தறிய இயலவில்லை. குருடாகும் சில கண்கள் விரலால் தொட்டால் கல்போல் இறுகியிருப்பதை 1622-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு பானிஸ்டர் எழுதிவைத்தார். ஆயினும் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காண வழி பிறந்தது 1851-இல்தான். அவ்வாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுட்காட்டியை உலகுக்கு அளித்தார். அதன்பின் பார்வை நரம்பின் தலைப்பகுதி குழிந்துபோவதை மருத்துவர் நேரே கண்டனர். 1857-இல் பெர்லின் நகர மருத்துவர் ஃபான் கிரேஃபே, கருவிழித்திரையில் ஒரு சிறு பகுதியை நீக்கி மூடிய கோண நோயைத் தணிக்கும் அறுவையை வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் சிறப்பான இடமுண்டு. 1819-இல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனை உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. எழும்பூரில் இன்றும் அது பணி செய்து வருகிறது. 1904 முதல் அதன் தலைவராயிருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்னும் படை மருத்துவர். சிறு வட்டக் கத்தியால் கண்ணின் வெண்படலமும் கருவிழியும் கூடும் இடத்தில் ஒரு நுண்துளையிட்டு, தேங்கிய நீர் வெளியேறப் புதுவழி அமைக்கும் அறுவையை அவர் 1909-இல் அறிவித்தார். திறந்த கோண நோய்க்கு நிலைத்த பயன்தரும் அறுவையை மருத்துவ உலகம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சென்னையில் பிறந்த அம்முறை பல நாடுகளுக்கும் பரவிப் பல்லாண்டு வழக்கில் இருந்தது. துளையின்மேல் காப்பாக ஒரு மூடியை அமைக்கும் முறையை 1968-இல் இங்கிலாந்து மருத்துவர் கெய்ர்ன்ஸ் விளக்கிய பின்னரே அதன் இடத்தைப் புதிய அறுவை பெற்றது.

எலியட் கண்ட மற்றொன்றும் நாம் அறியத்தக்கது. அந்நாளில் ஊர் ஊராகச் செல்லும் நாட்டு வைத்தியர் சிலர் கண்புரையை ஊசியால் குத்தி உள்ளே தள்ளிவிடுவர். சில நாள் பார்வை தெரியும். பின்னர்ப் பல கண்களில் அழுத்தம் ஏறி, இருந்த ஒளியும் அவியும். இவ்வாறு கெட்ட கண்களை ஆராய்ந்து அவர் 1917-இல் ஒரு நூலே வெளியிட்டார். இந்நோய்க்கு மனிதர் கையாலும் காரணம் உண்டாகலாம் என்பதற்கு அது பழைய சான்று.

ஆனால் மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணினால் வந்தவரை மட்டுமே எண்ணலாம். வலியில்லாதவர் அங்கே வருவதில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ச்சியாளர் குடிமக்களைத் தேடிச் சென்றனர். வேலூரில் 30 முதல் 60 வயது வரையுள்ள 972 பேரை ஆராய்ந்த முடிவு 1998-இல் வெளிவந்தது. தென் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைச் சோதித்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அதன்படி நூற்றுக்கு 2.6 பேருக்கு ஏதேனும் ஒருவகைக் கண்ணழுத்த நோய் இருந்தது. திறந்த கோண நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஒரு கண்ணிலேனும் பார்வையை முற்றும் இழந்திருந்தார்.

பின்னர்ச் சென்னைச் சங்கர நேத்ராலயாவினர் நகரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் தனித்தனியே ஆராய்ந்தனர். திறந்த கோண நோய் கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேருக்கும், நகரத்தில் 3.51 பேருக்கும் இருந்தது. நகரத்தில் இருமடங்குக்கு மேல்! இதனினும் திடுக்கிடச் செய்வது மற்றொன்று. அவ்வாறு கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு இந்நோய் உண்டென்பதை அதுவரை அறியாதிருந்தனர். கிராமத்தார் மட்டுமல்லர், மருத்துவமனைகள் நிறைந்த சென்னையில் வாழ்ந்தவரும் அறியவில்லை.

இனி, இந்நோய் யாரை நாடும் என்பதைக் காண்போம். அதே சென்னை ஆய்வினர் ஆறாண்டு கழித்து மீண்டும் அம்மக்களைச் சோதித்தனர். நோயின்றி இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்குத் திறந்த கோண நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. முதுமை, நகர வாழ்வு, மிகுந்த கண்ணழுத்தம், கிட்டப்பார்வை ஆகியவை உடையோரை அது மிகுதியாகப் பற்றியது. கருவிழிப் படலம் மெல்லியதாயும் அழுத்தம் மிகுந்தும் இருப்பின் இடர் இன்னும் பெரிது.

அழுத்தம் அளவாயிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவுகட்டலாகாது. பாதரச அளவில் 21 மில்லிமீட்டருக்கு மேற்படாததை வழக்கமான அழுத்தம் என்பர். ஆனால் சென்னையில் திறந்த கோண நோயுற்றோருள் பெரும்பான்மையோரின் அழுத்தம் அந்த அளவுக்குள்ளேயே இருந்தது. ஆகவே அழுத்தத்தை அளப்பதோடு பார்வை நரம்பைக் காண்பதும், பார்வைப் பரப்பைச் சோதிப்பதும் வேண்டும். கண்ணாடிக்கு எண் பார்ப்பது மட்டும் கண் சோதனை ஆகாது.

மூடிய கோண நோய் ஆசிய மக்களிடையே மிகுதி. பெண்டிரையும் முதியோரையும் அது பெரிதும் நாடும். சிலருக்கு அது திடீரெனப் பாய்ந்து வரும். கண் சிவந்து கடுமையாக வலிக்கும், தலை பிளக்கும், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தோன்றும், வாந்தியும் வரும். பித்தம் என்றெண்ணி ஒருநாள் பொறுத்திருந்தால் பார்வையே போகும். அந்நிலையில் அன்றே கண் மருத்துவரிடம் விரைதல் வேண்டும். மேலும், கண் அரிப்புக்கென ஒருமுறை எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவரைக் கேளாமல் திங்கட்கணக்கில் இட்டுக்கொள்வதும் அழுத்தத்தை ஏற்றும். பழைய ஊசி வைத்தியம் மறைந்தாலும் மனிதர் கையால் வரும் கேடு இவ்வடிவில் இன்றும் தொடர்கிறது.

எல்லாவற்றிலும் வெளிமாநிலத் தமிழர் கருத வேண்டுவது குலமரபு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நோயுற்றோரின் உடன்பிறந்தாரையும் மக்களையும் ஆராய்ந்து 1998-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு நூற்றுக்கு 22. நோயில்லாக் குடும்பத்தாருக்கு 2.3 மட்டுமே. ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு! எனவே தந்தைக்கோ தமக்கைக்கோ இந்நோய் உண்டென்று அறிவதே ஒருவருக்கு முதற் கண் சோதனை போன்றது.

கிராமத்தில் கூட்டுக் குடும்பமாய் வாழ்ந்தபோது அந்த அறிவு வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. பெரியப்பா எந்த வயதில் தடுமாறினார், அத்தை எந்த மருந்தை இட்டுக்கொண்டார் என்பதைச் சிறுவரும் கண்டனர். இன்று மகன் கழக்கூட்டத்தில், மகள் புனேயில், தந்தை ஊரில். தொலைபேசியில் நலம் கேட்கும்போது, "நன்றாயிருக்கிறேன்" என்றே பெற்றோர் விடையிறுப்பர். பிள்ளைக்குக் கவலை தரலாகாதென்று கண்ணின் குறையை மறைப்போரும் உளர். இவ்வாறு ஒரு தலைமுறையின் நோய் மறு தலைமுறைக்குச் செய்தியாகாமல் போகிறது. நோய் மட்டும் போய்ச் சேருகிறது.

முன்னரே அறிந்தால் பயனுண்டா எனில், உண்டு. அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாதிருந்த 1,636 பேரை அமெரிக்காவில் ஐந்தாண்டு தொடர்ந்து கண்டு 2002-இல் எழுதினர். சொட்டு மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் தோன்றிற்று, பெற்றோரில் 4.4 பேருக்கே தோன்றிற்று. இழந்ததை மீட்க இயலாதெனினும் இருப்பதைக் காக்க இயலும். ஆனால் மருந்தை நாள்தோறும் இடவேண்டும்; பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடலாகாது. ஊர்விட்டு ஊர் மாறுகிறவர் பழைய சோதனைத் தாள்களையும் உடன் கொண்டு செல்லவேண்டும். முந்தைய நரம்பின் நிலையை அறிந்தால்தான் புதிய மருத்துவர் நோய் வளர்ந்ததா நின்றதா எனக் கூறமுடியும்.

நேயர்களே, நாற்பது வயது கடந்தோர் யாவரும் கண்ணை முழுமையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இந்நோய் உடையோர் அதற்கு முன்னரே சென்று, எத்தனை காலத்துக்கொரு முறை வரவேண்டுமென மருத்துவரைக் கேட்டறியுங்கள். அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, அல்லது இன்றிரவே தொலைபேசியில், பெற்றோரிடம் ஒன்று கேளுங்கள்: "பாட்டனாருக்குக் கண் போனது எதனால்?" "வயதானதால்" என்று விடை வந்தால், அத்துடன் விடாதீர்கள். எந்த வயதில் மங்கிற்று, வலி இருந்ததா, கண்புரை என்றார்களா, அறுவை செய்தும் தெரியவில்லையா என்று மேலும் கேளுங்கள். கேட்டதைக் குறித்துவைத்து உங்கள் கண் மருத்துவரிடம் கூறுங்கள். பின்னர் அதே கேள்வியைத் திருப்பி, "அப்பா, உங்கள் கண்ணை எப்போது காட்டினீர்கள்?" என்றும் கேளுங்கள்.

பாட்டனார் இழந்த ஒளியை நாம் மீட்க முடியாது. அவர் எதனால் இழந்தார் என்பதை அறிந்துகொண்டால், தந்தையின் ஒளியையும் நம் மக்களின் ஒளியையும் காக்க முடியும்.