‘பிந்தைய பதிப்பு’ என்னும் தொடர்: கட்டற்ற மென்பொருள் உரிமப் பதிப்புகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மென்பொருள்கள் புதிய பதிப்புகளாக வெளிவருவதுபோல அவற்றின் உரிமங்களும் புதிய பதிப்புகளைப் பெறுகின்றன. எனினும் இவ்விரு மாற்றங்களும் ஒரே தன்மையன அல்ல. நிரலில் நேர்ந்த பிழையை அடுத்த வெளியீட்டில் திருத்திவிடலாம். உரிமத்தில் நேர்ந்த குறையைத் திருத்துவதற்கோ, அந்நிரலில் பதிப்புரிமை கொண்ட ஒவ்வொருவரின் இசைவும் வேண்டும். இவ்விடர்ப்பாட்டை முன்னுணர்ந்து க்னூ பொதுமக்கள் உரிமத்தோடு இணைக்கப்பட்டதே ‘அல்லது பிந்தைய பதிப்பு’ என்னும் தொடராகும். அத்தொடரை நீக்கியதாலும் ஏற்றதாலும் விளைந்தவற்றை லினக்ஸ், விக்கிப்பீடியா ஆகிய இரு திட்டங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடரின் தோற்றம்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் நிரல்கள் தொடக்கத்தில் தனித்தனி உரிமங்களோடு வெளிவந்தன. ஒன்றன் நிரலை மற்றொன்றில் பயன்படுத்த இது தடையாயிற்று. 1989 பிப்ரவரியில் வெளியான பொதுமக்கள் உரிமத்தின் முதற்பதிப்பு இத்தடையை நீக்கியது. இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில் வெளிவந்தது. அதன் 9ஆம் பிரிவின்படி, ஒரு நிரல் ‘பிந்தைய பதிப்பு’ என்று குறித்திருந்தால், குறித்த பதிப்பையோ அதற்குப் பின்வந்ததையோ பெறுநர் தெரிவு செய்யலாம். பதிப்பெண்ணே குறிக்கப்படாவிடின், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்ட எந்தப் பதிப்பையும் தெரிவு செய்யலாம். இன்னும் எழுதப்படாத ஓர் ஆவணத்திற்கு முன்கூட்டியே இசைவளிப்பதே இதன் பொருள். எனவே, இத்தொடரை ஏற்பது அறக்கட்டளையின்மீது வைக்கும் நம்பிக்கையாகவும் அமைகிறது.

லினக்ஸ்: மறுத்தலின் விளைவு

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், வணிகநோக்கில் வழங்குவதைத் தடுத்த முதல் உரிமத்தைக் கைவிட்டு, 1992இல் பொதுமக்கள் உரிமத்திற்கு மாறியது. 2000ஆம் ஆண்டில், வேறாகக் குறிக்கப்படாத இடங்களில் இரண்டாம் பதிப்பு மட்டுமே பொருந்தும் என்னும் விளக்கத்தை அவர் உரிமக் கோப்பில் சேர்த்தார்.

இதன் விளைவு மூன்றாம் பதிப்பின் வருகையில் வெளிப்பட்டது. டிவோ நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில் இயங்கியது. மூலநிரல் வழங்கப்பட்டபோதும், பயனர் மாற்றியமைத்த நிரலை அக்கருவி இயக்க மறுத்தது. இத்தகைய பூட்டைத் தடுக்கும் விதி, 2007 ஜூன் 29இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. கருவி உற்பத்தியாளரின் முடிவில் மென்பொருள் உரிமம் தலையிடலாகாது என்பது டோர்வால்ட்ஸின் நிலைப்பாடு. சாம்பா திட்டம் அவ்வாண்டிலேயே மூன்றாம் பதிப்பிற்கு மாற முடிவு செய்தது. லினக்ஸோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றது.

கெர்னலின் பதிப்புரிமை ஓரிடத்தில் குவியாமல் பங்களிப்பாளர் பலரிடம் பரவியுள்ளது. அவர்கள் அனைவரின் இசைவையும் பெறுவது நடைமுறையில் இயலாதது. மேலும், ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்ற நிரலையும் மூன்றாம் பதிப்பு நிரலையும் ஒரே நிரலாக இணைத்து வழங்க இயலாது. ஒரே குடும்பத்து உரிமங்களுக்கிடையே சுவர் எழும்பியது.

விக்கிப்பீடியா: ஏற்றலின் விளைவு

விக்கிப்பீடியா 2001இல் தொடங்கப்பட்டபோது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இல்லை. ஆகவே, மென்பொருள் கையேடுகளுக்கென உருவான க்னூ கட்டற்ற ஆவண உரிமத்தை அது ஏற்றது. ஒரு கட்டுரையை அச்சிட்டு வழங்குவோரும் உரிமத்தின் முழுவாசகத்தை உடன்சேர்க்க வேண்டியிருந்தது. பங்களிப்புகள் ‘பிந்தைய பதிப்பு’ என்னும் தொடரோடு பெறப்பட்டிருந்தமையால் வழி திறந்தது. 2008 நவம்பர் 3இல் வெளியான 1.3 பதிப்பு, கூட்டாகத் தொகுக்கப்படும் தளங்கள் 2009 ஆகஸ்டு 1க்கு முன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திற்கு மாற இடமளித்தது. வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்ட ஆக்கங்களுக்கோ 2008 நவம்பர் 1 எல்லையாக வைக்கப்பட்டது. இந்நாள் வெளியீட்டிற்கு முந்தையது என்பதால், பிற ஆக்கங்களை அவசரமாகக் கொண்டுவந்து உரிமம் மாற்ற எவருக்கும் வாய்ப்பில்லாமற்போனது. பங்களிப்பாளர் வாக்கெடுப்பிற்குப் பின் 2009 ஜூனில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் இம்மாற்றத்திற்கு உட்பட்டன.

குறியீட்டு முறை

எப்பதிப்பு என்பது தெளிவாகப் பதியப்படாமையும் சிக்கலே. எஸ்பிடிஎக்ஸ் உரிமப் பட்டியலில் ‘2.0’ என்று மட்டும் இருந்த பழைய குறியீட்டைப் பலர் பலவாறு பொருள்கொண்டனர். 2017 இறுதியில் ‘2.0 மட்டும்’, ‘2.0 அல்லது பிந்தையது’ என அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லினக்ஸ் கெர்னலின் கோப்புகளிலும் இத்தகைய உரிமக் குறியீடுகளை இடும் பணி பெருமளவில் தொடங்கியது.

முடிவுரை

மறுத்த லினக்ஸ், தான் விரும்பாத விதிகளிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டது. ஆனால் மூன்றாம் பதிப்பு நிரல்களைத் தன்னுள் ஏற்கும் வாய்ப்பை இழந்தது. ஏற்ற விக்கிப்பீடியா, பொருந்தா உரிமத்திலிருந்து மீண்டது. ஆனால் அம்மீட்சிக்கு மற்றொரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருந்தது. எதிர்கால விதிகளை வகுக்கும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும் என்னும் வினாவிற்கு இரு திட்டங்களும் அளித்த வேறுபட்ட விடைகள் இவை. பங்களிப்பாளர் பெருகிய பின் இவ்விடையை மாற்றுதல் அரிது. ஆதலின், உரிமப் பதிப்பு மேலாண்மை என்பது திட்டத்தின் முதல் கோப்பிலேயே தொடங்க வேண்டிய பணியென்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.