“நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” – ஒரு கேள்வியின் வரலாறு



என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று திருப்பூரில் தையல் மெஷினிலும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலும் இருக்கிறீர்கள். போனில் பேசினால் இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று சொல்லாதவர்கள் குறைவு. “வயசாகுது சார்” என்கிறீர்கள், முப்பத்தைந்து வயதில்! அதனால்தான் இந்தப் பதிவு.

இன்றைய இத்தாலியின் மோடெனா நகரில் பெர்னார்டினோ ராமாசினி (1633–1714) என்ற மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி அவசர அவசரமாக வேலை செய்தார். ஏன் என்று கேட்டதற்கு, அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றார். அந்தப் பதில் ராமாசினியைத் தூங்கவிடவில்லை. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். 1700இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதினார்.

மாவு பிசைந்து பிசைந்து கை வீங்கிய ரொட்டித் தொழிலாளர்கள் அதில் உண்டு. 1713இல் விரிவாக்கிய பதிப்பில், உடம்பு முழுவதையும் தறிக்குக் கொடுக்கும் நெசவுப் பெண்களையும், கணக்கு எழுதும் எழுத்தர்களையும் சேர்த்தார்.

எழுத்தர்களின் வேதனைக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். இறகுப் பேனா இருந்த இடத்தில் தையல் மெஷினை வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

வலது கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடது கையால் எழுதப் பழகினாராம். கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே கதி. குறை கையில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஹிப்போக்ரட்டீஸ் வகுத்திருந்தார். ராமாசினி அவற்றோடு ஒன்றைச் சேர்த்தார்: “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த நம் நாட்டின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்க வைக்கக் கூடாது என்றது 34ஆம் பிரிவு. நின்றே வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்றது 44ஆம் பிரிவு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு அந்த இருக்கையைத் தமிழ்நாடு சட்டமாக்கியது 2021இல்தான்!

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வலிக்கும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு மாத்திரையோடு திரும்பாதீர்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எந்தக் கை ஓயாமல் அசைகிறது, எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சூப்பர்வைசராக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் லைனில் நாற்காலியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று நாளைக்கே ஒருமுறை பாருங்கள்.

நலமுடன் வாழ்க.